தூம்புக்கு விலை சொன்னவன்

வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டைச் சுற்றி ஒருவன் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தால் அவன் திருடனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூம்புக்கு விலை சொல்ல வந்தவனாக இருக்க வேண்டும். திருடனுக்காவது ஏதாவது கிடைக்கும்.

கூரையில் வழியும் மழைத் தண்ணீரை இறவாரத்திலேயே ஏந்தி ஒரு மூலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் தகரத் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். அதை அடிப்பவர் வேறு ஆள். அவருக்கு முன்னால் ஒருவன் போய் வீட்டை அளந்து, தகடு எத்தனை, கொக்கி எத்தனை, ஈயம் எவ்வளவு, மலைமேல் ஏற்றும் சுமைக்கூலி எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவன் நான். சேந்தமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்குத் தகரக் கடை. மச்சான் கடையை விட்டு நகர மாட்டார். கொல்லிமலைக் காய்ச்சல் என்று சொன்னாலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். "மாப்ளே, நீ வயசுப் புள்ளை, உன்னை ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, அடிக்கோலையும் துணி டேப்பையும் கையில் கொடுத்து என்னைக் கொல்லிமலைக்குப் போகிற காரவள்ளிப் பாதையில் ஏற்றிவிட்டார்.

வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு முந்திய பதினெட்டு வருஷம் அந்தப் பாதையில் ஏறி இறங்கினேன். தையற்காரரோ, கொத்தனாரோ, பந்தல் போடுகிறவரோ, விலையைச் சொல்லிவிட்டு எதிரே இருக்கிற முகம் மாறுவதைப் பார்த்து நின்றவர்கள் யாராக இருந்தாலும் உட்காருங்கள். மற்றவர்களுக்கு இது புரியப்போவதில்லை.

அளக்க ஓர் ஆள்

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டில் ஒரு மிளகுக்காரர். அந்த வருஷம் மிளகு நல்ல விலைக்குப் போனதால் புல்லுக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டிருந்தார். ஓடு போட்டதும் தூம்பும் வைக்க வேண்டும் என்று ஆசை வந்து ஆள் அனுப்பினார். விடிவதற்கு முன் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். பலாச்சுளையும் தேனும் கொடுத்து உபசாரம் செய்தார். நான்கு பக்கமும் அளந்தேன். தண்ணீர் தேங்காமல் ஓட எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எவ்வளவு சரிவு, அதாவது வாட்டம், வேண்டும், கொக்கி எத்தனை அடிக்கு ஒன்று, இறங்குகுழாய் எங்கே என்று படம் போட்டே எழுதிக் கொடுத்தேன். விலையைப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஓட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் "யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு ஒரு வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தால், அவர் வீட்டில் தூம்பு தொங்குகிறது. மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி ஒட்டிய தூம்பு. ஊர் ஊராகப் போய் டின் தட்டுகிற ஒருவன் நான் சொன்னதில் கால்வாசி விலைக்கு அடித்துக் கொடுத்திருக்கிறான். வாட்டம் நான் எழுதிய வாட்டம். கொக்கிக்குக் கொக்கி இடைவெளி நான் எழுதிய இடைவெளி. இறங்குகுழாய் நான் படத்தில் புள்ளி வைத்த இடத்தில். ஒளிந்துகொள்வார் என்று பார்த்தேன். மனுஷர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "அளக்கறதுல உங்களை மிஞ்ச ஆளில்லீங்க ராவுத்தரே. அதனாலதானுங்க அளக்கறதுக்கு உங்களையே கூப்பிட்டோம்."

காய்ச்சலோடு அளந்த வீடு

மச்சான் சொன்னதைக் காய்ச்சல் கேட்கவில்லை. இரண்டாம் வருஷமே என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்த மாதிரி மத்தியானம் வரும். முதலில் குளிர், அப்புறம் நெருப்பு, அப்புறம் வேர்வை. வராத நாளில் மலையேறி, வருகிற நாளில் அளப்பது என்று என் பிழைப்பு அமைந்துபோனது.

குண்டனி நாட்டில் ஒரு பெரிய வீடு. டேப்பின் ஒரு முனையை நானும் மறு முனையைப் பழனி ஆசாரியும் பிடித்திருந்தோம். பழனி ஆசாரி எங்கள் கடையின் தகரவேலைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மலைக்கு என்னோடு வருகிற ஒரே ஜீவன். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. டேப்பு பாம்பு மாதிரி நெளிந்தது. "நாளைக்கு அளந்துக்கலாமுங்க" என்று ஆசாரி சொன்னார். நாளைக்கு இன்னொரு வீடு இருந்தது. பின்பக்கம் ஐம்பத்து நான்கு அடி. நான் எழுதியது நாற்பத்து இரண்டு. தகடு வெட்டி, ஒட்டி, தலைச்சுமையாக மேலே கொண்டுபோய், மாட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு அடிக்குக் கூரை வெறுமனே நின்றது. அதன் கீழேதான் அவர்கள் மாட்டுக்குத் தட்டுப்போர் போட்டிருந்தார்கள். மழை வந்து போர் அழுகியது. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "உடம்பைப் பாத்துக்கங்க" என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். கோபித்துக்கொண்டவர் மச்சான். பன்னிரண்டு அடித் தகடும் என் சம்பளத்தில் போயிற்று. அக்கா நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றாள். கடைக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்த என் பக்கத்தில் ஆசாரி வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சல்ல அளந்தா ஊடு சின்னதாத்தானுங்க தெரியும். சன்னி கண்டு அளந்திருந்தீங்கன்னா ஊடே இல்லீன்னு எழுதியிருப்பீங்க."

பங்களாவும் லைனும்

மலையில் ஒரு காப்பித் தோட்டம். துரை ஒருவர், அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை ஒருவர், அவருக்குக் கீழே வேலைசெய்யும் சனங்கள். பங்களாவுக்கும் கூலிக்காரர் லைனுக்கும் தனித்தனியாகத் தூம்புக் கணக்குப் போட்டு வரச் சொல்லி ஆள் வந்தது. மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பங்களாவை ஒரு மணி நேரத்தில் அளந்துவிட்டேன். லைனுக்கு அரை நாள் ஆயிற்று. ஒன்றோடொன்று ஒட்டிப் பன்னிரண்டு அறை, ஒரே நீளக் கூரை. தண்ணீர் நேராக ஒவ்வொரு வாசற்படியிலும் விழுந்து உள்ளே ஓடியது. ஒரு அறையில் எட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில் சாக்கை விரித்து இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தன. எனக்குத் தெரிந்த காய்ச்சல்தான். அவர்களுடைய தாய், "மழைக்கு முன்னால வெச்சிருவீங்களா சாமி?" என்று கேட்டாள். வெச்சிருவோம் என்று சொல்லிவிட்டேன். விலை சொல்லப் போனவன் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் நானும் ஆசாரியும் உட்கார்ந்து கணக்கைக் குறைத்துக்கொண்டே வந்தோம். மெல்லிய தகடு போதும். கொக்கிக்குப் பதில் மூங்கில் போதும். ஆசாரி தன் கூலியில் பாதியை விட்டார். மச்சானுக்கு வர வேண்டிய லாபத்தை அவரைக் கேட்காமல் நான் விட்டேன். இதற்குக் கீழே போனால் தகடுக்காரன் சும்மா கொடுத்தால்தான் உண்டு என்கிற இடத்தில் வந்து நிறுத்தி, இரண்டு காகிதத்தையும் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

மறுநாள் காகிதங்கள் திரும்பி வந்தன. பங்களாக் கணக்கில் ஒரு காசு குறைக்கவில்லை. கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது: நாய்க் கொட்டகைக்கும் சேர்த்து வைக்கவும், எட்டு அடி. லைன் கணக்கில் மூலைக்கு மூலை ஒரு கோடு. நான் குறைத்த விலையைக் காட்டி, இதைவிடக் குறைவாக இந்த ஜில்லாவிலேயே யாரும் செய்ய மாட்டார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் மன்றாடினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெலையைத் தொரை படிக்கவே இல்லீங்க. ஈரத்துல படுத்தாத்தான் விடியறதுக்கு முன்னால எந்திரிப்பாங்கன்னுட்டாரு."

நாய்க் கொட்டகைக்கு நான்தான் அளந்தேன். எட்டு அடி சரியாக இருந்தது. ஆசாரி அதை மாட்டிவிட்டுக் கீழே இறங்கியதும், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாயி உள்ள போய்ப் படுக்கவே இல்லீங்க, வெளியதான் படுத்திருக்குது."

பார்க்காத வீடு

உலகச் சண்டை வந்தது. தகடு வரத்து நின்றுபோயிற்று. கடையில் ஓட்டை வாளிக்கு அடி வைப்பதும் அரிக்கேன் விளக்குக்குக் காது ஒட்டுவதும்தான் வேலை. எனக்கு மலையேற வேலையில்லை. அப்படி இருக்கும்போது குண்டனி நாட்டிலிருந்து வெள்ளையன் என்று ஒருவர் கடைக்கே இறங்கி வந்தார். தன் வீட்டுக்குத் தூம்பு வைக்கக் கணக்கு எழுதித் தர வேண்டும் என்றார். "தகடே இல்லீங்களே" என்றேன். "தகடு ஆருங்க கேட்டா? காயிதம் குடுங்க போதும்" என்றார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறாராம். பெண்ணைப் பெற்றவர் நேரில் வராமல் மூன்று பேரிடம் விசாரிக்கிறாராம். தூம்பு வைக்கப்போகிற வீடு என்று காட்ட வேண்டுமாம்.

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். மச்சான் அவரிடம் காகிதக் கூலி என்று ஏதோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எழுதிக் குடு மாப்ளே, எழுதறதுக்குத் தகடா வேணும்?" என்றார். வெள்ளையன் வாயால் அளவு சொல்ல நான் எழுதினேன். முன்பக்கம் முப்பது என்று ஆரம்பித்தார். நான் எழுதுவதைப் பார்த்ததும் நாற்பது என்றார். இறங்குகுழாய் ஒன்று என்றார், பிறகு இரண்டு என்றார். அவரே கேட்டு, தூம்பின் முனையில் தாமரைப் பூ மாதிரி ஒரு தகரப் பூவும் எழுதினேன். நான் அதுவரை எழுதியதிலேயே அழகான கணக்கு அதுதான். கடை முத்திரையை இரண்டு இடத்தில் குத்திக் கொடுத்தார் மச்சான்.

சண்டை ஓயப்போகிற சமயம் அந்தப் பக்கம் போகும்படி ஆயிற்று. தாகத்துக்கு ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஓடு இல்லை, தகரம் இல்லை. பாதி சரிந்த புல்லுக் கூரை, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கொம்பு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் தோளில் தொங்கிய டேப்பையே பார்த்தாள். "தூம்புக்கு அளக்கற ராவுத்தரு நீங்கதானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய், கூரை வாரையில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். புகை குடித்துப் பழுப்பாகிப்போயிருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வெள்ளையனின் மருமகள் அவள். நான் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதுங்க, முத்திரையைப் பாத்துட்டுத்தான் என்னைக் குடுத்தாரு. மழை பேயறப்பெல்லாம் நான் இதை எடுத்துப் பாப்பனுங்க. எழுத்து மட்டும் அத்தனை லட்சணமுங்க."

ஒரு முழம்

தகடு இல்லாத அதே காலத்தில் பழைய தூம்புகளில் ஓட்டை அடைக்க ஆசாரியோடு ஒருமுறை போனேன். வழியில் பொன்னி என்று ஒருத்தி மறித்தாள். அவள் புருஷன் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. அறைக்குள் வெளிச்சம் வருகிற இடம் ஒன்றே ஒன்று, ஒரு சின்னச் சன்னல். அதனடியில்தான் அவரைப் படுக்க வைத்திருந்தாள். மழை பெய்தால் இறவாரத் தண்ணீர் அந்தச் சன்னல் விளிம்பில் விழுந்து அவர் முகத்தில் தெறிக்கும். அவரை நகர்த்தினால் வலியில் அலறுகிறார். "ஒரு முழம் தூம்பு என்ன வெலைங்க?" என்று கேட்டாள். ஒரு முழத்துக்கு யாரும் என்னிடம் விலை கேட்டதில்லை. புல்லுக் கூரையில் கொக்கி நிற்காது என்றேன். "மூங்கி நட்டு நான் நிறுத்திக்கறனுங்க" என்றாள். ஆசாரி என்னைக் கேட்காமலே பைக்குள் கைவிட்டு ஒரு துண்டுத் தகடை எடுத்தார். ஒரு கல்லின்மேல் வைத்து வளைத்து, இரண்டு மூங்கிலில் நாரால் கட்டி நிறுத்தினார். காசு வாங்கவில்லை. கீழே இறங்கும்போது என் நடையிலேயே ஒரு மிதப்பு இருந்தது. ஊருக்கே தர்மம் செய்தவன்போல வந்தேன்.

அடுத்த வருஷம் அந்த வழியாகப் போனபோது அவளே ஓடி வந்தாள். கையில் அந்தத் துண்டுத் தகடு. சாம்பல் போட்டு விளக்கி வைத்திருந்தாள். நான் வாங்கத் தயங்கி நின்றபோது, அதை என் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு போயிட்டாருங்க. மூஞ்சி நனையறதுக்கு இனி ஆளில்லீங்க. வேற ஊட்டுக்கு ஆவும், வெச்சுக்கங்க."

கிழக்கே வாட்டம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சேளூர் நாட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ராமசாமிக் கவுண்டர், தம்பி காளியப்பன். ஒரே கூரை, ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நடுவே மண்சுவர் எழுப்பி மேற்குப் பாதியை அண்ணனும் கிழக்குப் பாதியைத் தம்பியும் எடுத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. உலகச் சண்டை முடிந்து தகடு வர ஆரம்பித்ததும் முதல் ஆளாகக் கூப்பிட்டவர் ராமசாமிக் கவுண்டர். தன் பாதிக்கு மட்டும் தூம்பு வேண்டும் என்றார். அளந்துவிட்டு, "வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கட்டுங்க?" என்றேன்.

"கெழக்க."

"கெழக்க உங்க தம்பி ஊடுங்களே. இறங்குகுழாயை எங்க இறக்கறது?"

"கொழாயி வேண்டாமுங்க. என்ர எல்லை வரைக்கும் தூம்பு வைங்க. அப்பறம் தண்ணி அதும்பாட்டுக்குப் போவும்."

எனக்குப் புரிந்தது. கூரையின் பாதித் தண்ணீரும் ஒரே இடத்தில், தம்பி வீட்டு முன்பக்க மண்சுவரின் அடியில் கொட்டும். இரண்டு விதமாகக் கணக்கு எழுதினேன். மேற்கே வாட்டம் கொடுத்து, குழாய் இறக்கி, வாய்க்காலில் விடுவது ஒன்று. கிழக்கே திறந்து விடுவது ஒன்று. முதலாவது நான்கு ரூபாய் கூடுதல். கவுண்டர் இரண்டையும் வாங்கிப் பார்த்து, முதலாவதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவரிடம் நான்கு ரூபாய்க்குப் பஞ்சமில்லை. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவன் நான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சண்டைக் காலம் முழுக்கக் கடையில் பெரிய வேலையில்லை, மச்சான் முகத்தில் விழிக்க முடியவில்லை. இதெல்லாம் காரணங்கள்தான்.

அந்தப் பக்கம் காளியப்பனின் மனைவி முற்றத்தில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். வெயிலில் நின்றவனைப் பார்த்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். "எங்க பக்கம் அளக்கலீங்களா?" என்று சிரித்தாள். "உங்களுக்கும் வேணுமுங்களா?" என்றேன். "மொளகு வித்ததும் வெக்கோணுமுங்க" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம், சுவரடியில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள் அம்மா என்று. ஒரு மண்வெட்டி, ஒரு காலை நேரம், அவ்வளவுதான் வேலை. ஆனால் கவுண்டர் தன் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். மாட்டுகிற அன்று ஆசாரி ஏணியில் நின்றபடி, "ராவுத்தரே, வாட்டம் தப்பா இருக்குதுங்களே" என்றார். "சரியாத்தான் இருக்கு. அடிங்க" என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று வாரம் கழித்துக் கவுண்டர் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். காரவள்ளிப் பாதையில் பாதி ஏறியிருப்பேன், எதிரே ஒரு தூளி வந்தது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஒதுங்கி நின்றேன். உள்ளே காளியப்பனின் மனைவி. சுவர் முந்தின நாள் மத்தியானத்தில் விழுந்திருக்கிறது, அடுப்பின் முன்னால் இருந்திருக்கிறாள். இரண்டு காலும் துணியில் சுற்றியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். முன் கொம்பைப் பிடித்திருந்தவன் காளியப்பன். அவன் என் டேப்பைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், காறித் துப்பக்கூட நிற்கவில்லை. தூளி குலுங்காமல் கல்லைப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனான். அவள் பிழைத்தாள், நடக்கவில்லை.

நான் அவர்களோடு திரும்பியிருக்க வேண்டும். மேலே போனேன். அண்ணனுக்கு மனது கேட்டிருக்காது, வாட்டத்தை மாற்றத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கவுண்டர் என்னைக் கிழக்கே அழைத்துப் போனார். விழுந்த சுவர் சேறாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு உலக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தன் பக்கத்துச் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். உலர்ந்து கெட்டியாக இருந்தது. தூம்பின் முனையை அண்ணாந்து பார்த்தார். பிறகு திருப்தியாக என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அளவுன்னா இதுதானுங்க அளவு. எம்பக்கம் ஒரு சொட்டு உழுகலீங்க. பின்பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் குடுத்துருங்க."

மழைத் தண்ணீருக்கு அடிக்கு இவ்வளவு என்று பதினெட்டு வருஷம் விலை எழுதிக் கொடுத்த நான், அது யார் வீட்டில் போய் விழும் என்பதை மட்டும் ஒரு காகிதத்திலும் எழுதியதில்லை, எங்கள் கணக்குத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை என்பதால்.